ஆட்டிசத்தில் 80 சதவீதம் மரபு என்றால் என்ன பொருள்?

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகையில் ஓர் அறிவிப்பு செய்தார். கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடுவதற்கும் பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் வருவதற்கும் தொடர்பு உண்டு, அந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்றார். நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் முதலில் கை போவது அந்த மாத்திரைக்குத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எத்தனையோ அம்மாக்கள், வயிற்றில் சுமந்தபோது எத்தனை மாத்திரை போட்டோம் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு எண் செய்தியானது. அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவராகக் கண்டறியப்பட்டிருக்கிறார். இவ்வளவு பேர் என்றால் காற்றிலோ சாப்பாட்டிலோ ஏதோ கலந்திருக்க வேண்டும் என்ற பயம் வருவது இயல்பு. மருத்துவரிடம் கேட்டால், "இது பெரும்பாலும் மரபு சார்ந்தது" என்கிறார். அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு விதமாகத் திரிந்துவிடுகிறது. ஒன்று, "இது யார் பக்கத்து வழி? உங்க வம்சமா, எங்க வம்சமா?" இன்னொன்று, "பிறவியிலேயே இருக்குன்னா இனி என்னதான் செய்ய முடியும்?"

ஆராய்ச்சியாளர்கள் மரபு என்று சொல்லும்போது இந்த இரண்டு பொருளுமே அதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எதை ஆட்டிசம் என்கிறார்கள்

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. குழந்தையின் நடத்தையைப் பார்த்தும், வளர்ந்த விதத்தைப் பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். பார்ப்பவை இரண்டு:

1. பேச்சு, பார்வை, சைகை மூலம் பிறரோடு பகிர்ந்து பழகுவதில் சிறு வயது முதலே இருக்கும் வேறுபாடு.
2. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்க முடியாமல் போவது, ஒரே விஷயத்தில் ஆழ்ந்துவிடுவது, சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது.

நாள் முழுதும் துணை தேவைப்படும், பேச்சே வராத பிள்ளையும் இந்த வரையறைக்குள் வருகிறாள். நன்றாகப் படித்து வேலைக்குப் போகும், ஆனால் நாலு பேர் கூடும் இடத்தில் திணறும் இளைஞரும் வருகிறார். இருவருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அறிவு இறுகிப்போனது போல ஒலிக்கும் அந்தச் சொல்லைவிட ஆட்டிசம் என்றே சொல்வது மேல் என்று எனக்குப் படுகிறது.

எண்ணிக்கை ஏறியது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2000-இல் எடுத்த கணக்கு 150-ல் ஒருவர். 2022-இல் 31-ல் ஒருவர். இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் இப்படி மாறாது. மாறியது பெரும்பாலும் வரையறையும் தேடலும். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசத்தைத் தனி நிலையாகச் சேர்த்தது. 1987, 1994, 2013 பதிப்புகளில் எல்லை மாறிக்கொண்டே வந்தது. முன்பு 'மனவளர்ச்சிக் குறைவு' என்று மட்டும் எழுதப்பட்ட பிள்ளைகளும், 'கொஞ்சம் தனி மாதிரி' என்று விடப்பட்ட பிள்ளைகளும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளும் இப்போது கணக்கில் வருகிறார்கள். உண்மையான உயர்வும் சிறிதளவு இருக்கலாம். தாமதமாகப் பிள்ளை பெறுவதும், மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்கள் உயிர் பிழைப்பதும் கூடியிருக்கிறது அல்லவா?

## தாயின் மேல் விழுந்த பழி

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எட்டு சிறுவர்கள், மூன்று சிறுமிகள். பிறரோடு உணர்வால் ஒட்டும் இயல்பு இவர்களிடம் பிறவியிலேயே குறைவாக இருக்கிறது என்பது அவருடைய முடிவு. அதே கட்டுரையில், இந்தப் பெற்றோர்களில் கனிவு மிகுந்தவர்கள் குறைவு என்றும் ஒரு குறிப்பை எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் முதல் கருத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்குகிறது என்ற எண்ணம் பரவியது. 'குளிர்பெட்டித் தாய்' என்று ஒரு பெயரே வந்தது. சிகாகோவில் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இதைப் புத்தகமாக எழுதிப் பரப்பினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் அன்புதான் குறை என்று நம்பவைக்கப்பட்டார்கள். ஆதாரம் எதுவும் இல்லாமல் ஏற்றப்பட்ட இந்தப் பழியை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-லேயே இதை மறுத்து, காரணம் உடலில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். கணக்கோடு நிரூபித்தது 1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு.

அந்த ஆய்வின் தர்க்கம் எளிது. ஒரே கருமுட்டை பிரிந்து பிறக்கும் இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரண்டு கருமுட்டைகளிலிருந்து பிறப்பவர்கள் சாதாரண அண்ணன் தம்பி போல, சராசரியாகப் பாதிதான் பகிர்கிறார்கள். இரு வகையினருமே ஒரே வயிற்றில், ஒரே நேரத்தில், ஒரே தாயிடம் வளர்கிறார்கள். வளர்ப்புதான் காரணம் என்றால் இரு வகையிலும் ஒத்துப்போகும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் பார்த்தது 21 இணைகளை. ஒரு கரு இணைகள் 11-இல் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கரு இணைகள் 10-இல் ஒன்றில்கூட அப்படி இல்லை. பேச்சுத் தாமதம் போன்ற லேசான சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தபோது 11-இல் 9, 10-இல் 1 என்று இடைவெளி இன்னும் விரிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதன் பிறகு நடந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

## 80 சதவீதம் என்ற எண்

டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் பிறந்த சுமார் 20 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை அலசி 2019-இல் வந்த ஆய்வு, ஆட்டிசத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம் என்றது. செய்திகளில் அடிக்கடி வரும் எண் இதுதான். இதைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. இது கூட்டத்தைப் பற்றிய எண், ஒரு குழந்தையைப் பற்றியது கிடையாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பதே கணக்கு. "என் மகனுடைய ஆட்டிசத்தில் 80 சதவீதம் மரபு, 20 சதவீதம் மற்றவை" என்று பிரிக்க முடியாது.

2. மரபு என்றால் மாற்ற முடியாதது என்று பொருள் இல்லை. உயரமும் சுமார் 80 சதவீதம் மரபு சார்ந்ததுதான். ஆனாலும் நல்ல சாப்பாடு கிடைத்த நாடுகளில் பேரன்கள் தாத்தாவைவிட உயரமாக வளர்ந்தார்கள். இன்னும் தெளிவான உதாரணம் ஃபீனைல்கீட்டோனூரியா. முழுக்க முழுக்க மரபணுவால் வரும் நோய் அது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகக் கெடும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, குறிப்பிட்ட புரதச் சத்தைக் குறைத்து உணவு கொடுத்தால் பிள்ளை நன்றாக வளர்கிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது, விளைவு மட்டும் மாறிவிட்டது.

3. மரபணு சார்ந்தது எல்லாம் பெற்றோரிடம் இருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. வம்சக் கேள்வி விழுந்துபோவது இங்கேதான். மரபணுக்களை வேதியியல் எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம் என்று வைத்துக்கொண்டால், நாம் ஒவ்வொருவருமே அப்பாவிடமும் அம்மாவிடமும் இல்லாத சில பத்துப் புதிய எழுத்துப் பிழைகளோடுதான் பிறக்கிறோம். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது நகலெடுப்பதில் வரும் பிழைகள் அவை. பெரும்பாலானவை எதுவும் செய்யாது. அரிதாக ஒன்று, மூளை வளர்ச்சிக்கு முக்கியமான மரபணுவில் விழுந்துவிடுகிறது. குடும்பத்தில் ஏழு தலைமுறை தேடினாலும் அது கிடைக்காது.

ஐஸ்லாந்தில் 2012-இல் செய்த ஆய்வில், 20 வயதுத் தந்தை சராசரியாக 25 புதிய பிழைகளையும் 40 வயதுத் தந்தை சுமார் 65 பிழைகளையும் பிள்ளைக்குக் கொடுப்பது தெரிந்தது. தந்தையின் வயது கூடும்போது ஆட்டிசத்துக்கான வாய்ப்பு சற்றே ஏறுவதற்கு இது ஒரு காரணம். பெண்ணின் வயதை மட்டுமே கேட்டுப் பழகிய நம் சமூகம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## எந்த மரபணுக்கள்?

ஆட்டிசத்துக்கென்று ஒரு மரபணு கிடையாது. 2020-இல் 35,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் படித்த ஆய்வு, ஆட்டிசத்தோடு வலுவாகத் தொடர்புள்ள 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. பின்வந்த ஆய்வுகளில் பட்டியல் நீண்டிருக்கிறது. பொதுவாக இரண்டு வழிகளில் இவை வேலை செய்கின்றன.

அரிதான, பெரிய விளைவுள்ள மாற்றங்கள். 'உடையும் எக்ஸ்' என்ற நிலையில் எக்ஸ் குரோமோசோமில் (குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கும் இழை) உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் மூன்று எழுத்துகள் 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டு அதை அணைத்துவிடுகின்றன. ஷாங்க்3 என்ற மரபணுவுக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று போய்விட்டால் நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தின் கட்டமைப்பு பலவீனமாகிறது. 16-ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபடுவதும் இப்படி ஒன்று. ஒரே மாற்றம் ஒரு பிள்ளையிடம் ஆட்டிசமாகவும், இன்னொரு பிள்ளையிடம் வெறும் பேச்சுத் தாமதமாகவும், வலிப்பாகவும் வெளிப்படலாம். அந்தத் துண்டு விடுபட்டும் இயல்பாக வேலை செய்து வாழும் பெற்றோரும் உண்டு.

பரவலான, நுண்ணிய வேறுபாடுகள். எல்லோரிடமும் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் இவை. தனித்தனியாக ஒன்றும் செய்யாது. கூட்டாக ஒரு பக்கம் சாயும்போது வாய்ப்பு கூடுகிறது. மரபின் பங்கில் பெரிய பகுதி இதில்தான் இருக்கிறது. அதிகம் பேசாத அப்பா, எதையும் வரிசையாக அடுக்கும் சித்தப்பா, சத்தம் பொறுக்காத பாட்டி என்று குடும்பத்தில் சிதறிக் கிடக்கும் இயல்புகள் ஒரு பிள்ளையிடம் ஒன்றுசேர்வதாக நினைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்னால் பிறக்கும் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இந்த இரண்டு வழிகளும் வெவ்வேறு பிள்ளைகளில் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. 2025 ஜூலையில் அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தரவைப் படித்தவர்கள் அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்துக் காட்டினார்கள். நடப்பதும் பேசுவதும் தாமதமான பிரிவில் பாதிக்கப்பட்ட மரபணுக்கள் பெரும்பாலும் பிறப்பதற்கு முன் வேலை செய்பவை. நடை, பேச்சு உரிய வயதில் வந்து, பழகுவதிலும் நடத்தையிலும் சிரமம் கொண்ட பிரிவில் அவை பிறந்த பிறகு கூடுதலாக இயங்குபவை. "என் பிள்ளை ரெண்டு வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்று சொல்லும் பெற்றோரை நம்பாமல் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

உறவுத் திருமணம் பற்றி நம்மிடம் கேள்வி வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதைத் தேசிய குடும்பநல ஆய்வு காட்டியிருக்கிறது. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் மரபணுச் சிக்கல்களுக்கு இங்கே வாய்ப்பு கூடுகிறது. மத்தியக் கிழக்கு, துருக்கி, பாகிஸ்தான் பகுதிகளின் உறவுமணக் குடும்பங்களில் செய்த 2008 ஆய்வு, ஆட்டிசத்தின் ஒரு சிறு பகுதிக்கு இப்படிப்பட்ட மரபணுக்கள் காரணமாக இருப்பதைக் கண்டது. ஒரு சிறு பகுதிக்குத்தான். அத்தை மகனைக் கட்டியதால்தான் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல இடமில்லை. உறவே இல்லாத தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் இருப்பதை எல்லா நாடுகளிலும் பார்க்கிறோம்.

## மூளையில் எங்கே, எப்போது

அந்த 100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஏதோ தாறுமாறாகச் சிதறியவை இல்லை. பெரும்பாலானவை இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒரு கூட்டம், மற்ற மரபணுக்களை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்று பார்க்கும் மேற்பார்வையாளர்கள். இன்னொரு கூட்டம், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளைக் கட்டிக் காப்பவை. அந்த இணைப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம். இவற்றில் பல, கர்ப்பத்தின் நடு மாதங்களில் மூளையின் மேலுறை உருவாகும்போது தீவிரமாக இயங்குகின்றன.

பிறந்த பிறகு குழந்தையின் மூளை, தேவைக்கு மேல் இணைப்புகளை முளைக்கவிட்டு, பயன்படாதவற்றைக் கழித்துக்கொண்டே வருகிறது. நெருக்கமாக விதைத்த கீரைப் பாத்தியில் நாற்றைக் களைவது போல. 2014-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இறந்த பிள்ளைகளின் தானமளிக்கப்பட்ட மூளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிறு வயதிலிருந்து பதின்பருவத்துக்குள் இணைப்புகளின் அடர்த்தி பொதுவாகப் பாதியாகக் குறைய, ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. எல்லாத் தொடர்பும் சத்தமாகப் பேசும் மூளையில், முக்கியமான குரலைப் பிரித்தெடுப்பது கடினம். ஒலி, ஒளி தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை இந்தக் கோணத்தில் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது.

2017-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் செய்தது. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளிடம், 6 முதல் 12 மாதங்களுக்குள் மூளை மேலுறையின் பரப்பு வழக்கத்தைவிட வேகமாக விரிந்தது. அடுத்த ஆண்டில் மூளையின் அளவு கூடியது. பழகுவதில் சிரமங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் அந்த இரண்டாம் ஆண்டில்தான். இது சராசரியில் தெரியும் போக்கு, எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் மூளை பெரிதாக இருப்பதில்லை.

மூளையின் ஒரே ஒரு பகுதியைக் குற்றவாளியாக்கும் முயற்சிகளும் நடந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், பிறர் செய்வதைப் பார்க்கும்போது நமக்குள்ளும் இயங்கும் 'கண்ணாடி நியூரான்கள்' ஆட்டிசத்தில் சரியாக வேலை செய்வதில்லை என்றொரு கருத்தை 2000-களில் முன்வைத்தார். கேட்க அழகான கருத்து. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் பிறருடைய செயலின் நோக்கத்தை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டியதால் அது நிலைக்கவில்லை. இன்று பெரும்பாலானோர் பேசுவது, பல பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு வேறுவிதமாக அமைவது பற்றித்தான்.

## இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில்

சரி, சினாப்ஸில் நடக்கும் ஒரு நுண்ணிய மாற்றம், ஐந்து வயதில் மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போகாமல் நிற்பதாக எப்படி மாறுகிறது? இந்தத் துறையிலேயே என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி இது.

பிறந்த குழந்தை முகம் போன்ற வடிவத்தின் பக்கம் திரும்புகிறது. அம்மாவின் குரலை அடையாளம் காண்கிறது. ஆறு, எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு பெரிய திருப்பம் ஒன்று வருகிறது. அம்மா பார்க்கும் இடத்தைத் தானும் பார்க்கிறது, காக்காவைச் சுட்டிக்காட்டிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பந்து வேண்டும் என்று கை நீட்டுவது வேறு, "அதோ பார்" என்று காட்டுவது வேறு. இரண்டாவதில் குழந்தைக்குப் பொருள் தேவையில்லை, பகிர்வதற்கு ஓர் ஆள் தேவை. இதைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். சொற்களைக் கற்பதும், அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதும் இதன் மேல்தான் எழுகின்றன.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆமி கிளினும் வாரன் ஜோன்ஸும் கைக்குழந்தைகளின் பார்வையைக் கருவியால் பின்தொடர்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளும் இரண்டாம் மாதத்தில் மற்றவர்களைப் போலவே, திரையில் பேசும் பெண்ணின் கண்களைப் பார்த்தார்கள். அதன் பிறகு, ஆறு மாதத்துக்குள்ளேயே, அந்தப் பார்வை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கியது. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாத காலம் அது.

2017-இல் அதே குழுவினர் இரட்டையர்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கண்களை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில் ஒரு கரு இரட்டையர்களின் ஒற்றுமை 0.91, இரு கரு இரட்டையர்களிடம் 0.35. முழு ஒற்றுமை என்றால் 1. தனித்தனியாகக் காணொலி பார்த்தபோதும் ஒரு கரு இரட்டையர்களின் கண்கள் ஒரே கணத்தில், ஒரே திசையில் நகர்ந்தன. எதைப் பார்ப்பது என்ற தேர்விலேயே மரபணுக்களின் கை இருக்கிறது.

இதன் விளைவை வரிசையாகச் சொன்னால்:

1. மரபணு வேறுபாடு, மூளையின் இணைப்புகளைச் சற்றே வேறுவிதமாக அமைக்கிறது.
2. அந்த மூளை, முகத்தைவிட மின்விசிறியின் சுழற்சியிலோ கதவின் விளிம்பிலோ கவனம் கொள்கிறது.
3. ஒரு குழந்தை நாளுக்கு ஆயிரம் முறை முகம் பார்க்கும்போது, இன்னொன்று நூறு முறை பார்க்கிறது. மாதங்கள் போகப் போக, கிடைக்கும் அனுபவத்தில் வித்தியாசம் மலையாகக் குவிகிறது.
4. எந்த இணைப்பை வைப்பது, எதைக் கழிப்பது என்பதை மூளை அந்த அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்கிறது.

ஆக, மரபா வளர்ப்பா என்று இரண்டாகப் பிளக்கவே முடியாது. மரபணு தன் வேலையின் பெரும்பகுதியை, குழந்தை எதைத் தேடிப் போகிறது என்பதன் வழியாகத்தான் முடிக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு சோக உதாரணமும் இருக்கிறது. 1989-இல் செயுசெஸ்கு ஆட்சி விழுந்த பிறகு ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்தெடுத்துப் போன பிள்ளைகளை ரட்டரின் குழு பல ஆண்டுகள் கவனித்தது. தூக்கவும் பேசவும் ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடந்த பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவரிடம் ஆட்டிசம் போன்ற இயல்புகள் இருந்தன. அன்பான வீட்டுக்கு வந்த பிறகு பலரிடம் அவை தளர்ந்தன. ஒரு சமூகமே கைவிட்ட குழந்தைக்கு நேர்ந்ததை, வீட்டில் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் பெற்றோரோடு ஒப்பிடவே முடியாது.

## மாத்திரை, தடுப்பூசி, செல்போன்

இப்போது பாராசிட்டமாலுக்கு வருவோம். ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 25 லட்சம் பிள்ளைகளை வைத்து 2024-இல் வந்த ஆய்வில், மாத்திரை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் மிகச் சிறிதளவு கூடுதலாகத் தெரிந்தது. பிறகு ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள், ஒரு கர்ப்பத்தில் மாத்திரை எடுத்து இன்னொன்றில் எடுக்காதவர்களை. வித்தியாசம் மறைந்துவிட்டது. அடிக்கடி மாத்திரை தேவைப்படும் தாய்க்கு ஒற்றைத் தலைவலியோ, காய்ச்சலோ, வேறு உடல்நிலையோ இருக்கிறது. அவருடைய மரபும் வேறு. அந்த வேறுபாட்டை மாத்திரையின் மேல் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான். கர்ப்ப காலத்தில் கடும் காய்ச்சலை மாத்திரை இல்லாமல் பொறுத்துக்கொள்வதுதான் குழந்தைக்கு ஆபத்து.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையில் கர்ப்பத்தில் வரும் ரூபெல்லாத் தொற்றுதான் ஆட்டிசத்துக்கு வழி வகுக்கும். அமெரிக்காவில் 1964-இல் பரவிய ரூபெல்லாவால் பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 பிள்ளைகளில் 18 பேரிடம் முழுதாகவோ பகுதியாகவோ ஆட்டிசம் இருந்தது. அந்தத் தொற்றைத் தடுப்பதே இந்தத் தடுப்பூசிதான்.

மரபைத் தாண்டிய உண்மையான காரணிகள் சில உண்டு. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மருந்தைக் கர்ப்பத்தில் எடுத்தவர்களின் பிள்ளைகளில் ஆட்டிசம் 4.4 சதவீதம் என்றும், பொதுவாக 1.5 சதவீதம் என்றும் டென்மார்க் கணக்கு சொல்கிறது. மிகக் குறைமாதப் பிறப்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வால்ப்ரோயேட்டைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

செல்போன் திரையைப் பார்ப்பதால் ஆட்டிசம் வருகிறது என்ற பொருளில் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று யூடியூபில் அடிக்கடி கேட்கும் சொல், எந்த மருத்துவக் கையேட்டிலும் கிடையாது. நாள் முழுதும் செல்போன் பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம், அதைக் குறைப்பது எல்லோருக்குமே நல்லது. ஆனால் முகங்களைவிடச் சுழலும் படங்கள் பிடித்த பிள்ளை செல்போனை விடாமல் கேட்பதும் நடக்கிறது. விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டு அம்மாவைத் திட்டினால், குளிர்பெட்டித் தாய் கதை இன்னொரு பெயரில் திரும்ப வந்துவிடும்.

## தெரிந்துகொண்டு என்ன செய்வது

மரபணுப் பரிசோதனை ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லாது. இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, குறிப்பிட்ட காரணம் கிடைக்கிறதா என்று தேடத்தான் அது. குரோமோசோம்களில் துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா, கூடியிருக்கின்றனவா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே, உடையும் எக்ஸ் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு விடை கிடைக்காது. கிடைத்தால் பயன் உண்டு. உதாரணமாக, பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் என்று தெரிந்தால் வலிப்பையும் சிறுநீரகத்தையும் முன்கூட்டியே கவனிக்கலாம். அடுத்த பிள்ளை பற்றியும் தெளிவாகப் பேசலாம்.

ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து இன்றைக்கு இல்லை. பாச ஹார்மோன் என்று சொல்லப்படும் ஆக்ஸிடோசினை மூக்கில் தெளித்து, 290 பிள்ளைகளிடம் 24 வாரம் நடத்திய 2021 சோதனையில் பலன் எதுவும் தெரியவில்லை. ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாற வேண்டாம்.

பார்வையும் அனுபவமும் மூளையைச் செதுக்கும் அந்தச் சுழற்சியில் கை வைக்க முடியும். ஆஸ்திரேலியாவில் ஆரம்ப அறிகுறிகள் தெரிந்த, ஒரு வயதை ஒட்டிய 103 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியானது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் பெற்றோர்கள்தான். தாங்கள் குழந்தையோடு விளையாடும் காணொலியைத் தாங்களே பார்த்து, குழந்தை நுணுக்கமாகக் காட்டும் குறிப்புகளைக் கண்டுகொள்ளக் கற்றார்கள். மூன்று வயதில், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 6.7 சதவீதப் பிள்ளைகளுக்கும், மற்றவர்களில் 20.5 சதவீதத்தினருக்கும் ஆட்டிசம் என்று முடிவானது. சிறிய ஆய்வு, இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதே வழியில் ஒன்று நடந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், 2 முதல் 9 வயது வரையுள்ள 65 பிள்ளைகளின் வீடுகளுக்கு, மருத்துவர்களாக இல்லாத பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். 2016-இல் முடிவுகள் வந்தன. பெற்றோர் பிள்ளையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பேசுவது கூடியது. பிள்ளை தானாக முன்வந்து பெற்றோரிடம் எதையாவது சொல்வதும் காட்டுவதும் கூடியது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்திருந்தது.

இந்தியாவில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளோடு இணைந்து, வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, ஒன்றரை வயதில் எதையும் சுட்டிக்காட்டாத, பேசிய சொற்களை இழந்த பிள்ளையை, ஆட்டிசம் என்று முடிவாகும் வரை காத்திருக்காமல் அங்கே அழைத்துப் போகலாம். பயிற்சியை அன்றைக்கே தொடங்கலாம்.